டீச்சர், நீங்க பெர்மனென்ட்டா?

தூத்துக்குடியிலிருந்து வேம்பாருக்குப் போகிற பஸ்ஸில் ஒரு டீச்சரிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், எந்த ஸ்கூல். பிறகு, என்ன பாடம். அடுத்தது, கவர்மென்ட்டா பிரைவேட்டா. நான்காவதுதான் முக்கியமான கேள்வி: "பெர்மனென்ட்டா?" இல்லை என்று சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஓர் அனுதாபம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐந்தாவது கேள்விக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சம்பந்தமே இல்லை. "பிள்ளைகள யாரு பாத்துக்கிடுதா?"

நான்காவது கேள்வியை என்னோடு வேலை பார்க்கிற ஆண் ஆசிரியர்களிடமும் கேட்கிறார்கள். ஐந்தாவதை இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. விசாரித்துவிட்டேன்.

மூன்று வருடமாகத் தூத்துக்குடியில் ஏறி வேம்பாரில் இறங்குகிறேன். சுமார் ஐம்பது கிலோமீட்டர். நின்று நின்று போவதால் ஒன்றரை மணி நேரம் ஆகும். தருவைக்குளம் விலக்கு, பட்டினமருதூர், வேப்பலோடை, குளத்தூர், வைப்பாறு, சூரங்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஊர்கள் வரும். வலது பக்கம் உப்பளம், ஓலை போட்டு மூடிய உப்பு அம்பாரங்கள். இடது பக்கம் கரிசல், உடைமரம், பனை. கடல் கூடவே வருகிறது என்று தெரியும், கண்ணில் படுவதுதான் குறைவு. பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021 மே மாதம் அரசு அறிவித்தது சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு. நான் போவது பெரிய பஸ். டவுன் பஸ் எட்டுகிற தூரத்துக்குள் வேலை கிடைத்தவளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

டாக்டரைப் பார்த்தால் உடம்புக்கு வந்ததைச் சொல்வதுபோல, டீச்சரைப் பார்த்தால் பிள்ளையின் மார்க்கைச் சொல்கிறார்கள். பஸ்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிடலாம் என்றுதான் ஏறுவேன். தருவைக்குளம் விலக்கு வந்ததும் அது முடியாது. மீன் பெரியம்மா ஏறிவிடுவார்.

அவர் தருவைக்குளத்தில் மீன் எடுத்துக் குளத்தூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவர். அலுமினியச் சட்டியைக் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, தானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே என்னோடு பேசுவார். முன்னால் வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "வேண்டாம் டீச்சர், வாட அடிக்கும்பாவ" என்பார். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்கும் மூதாட்டி ஒருவரை வாடையைக் காரணம் சொல்லிப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதும், அவர் அழுதுகொண்டே பேசிய வீடியோ பரவி ஊழியர்கள் சஸ்பெண்ட் ஆனதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பெரியம்மாவுக்கும் நினைவிருக்கிறது. அதனால் யாரும் இறக்கிவிடும் முன்பே தானாகக் கடைசிக்குப் போய்விடுகிறார். சக பயணி என்ற சொல்லில் அந்த 'சக' எவ்வளவு தூரம் வரைக்கும் போகிறது என்பதை நான் அந்தக் கடைசி சீட்டை வைத்துத்தான் அளக்கிறேன்.

அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். ஏன் பத்தாவது என்று கேட்டேன். "பத்து படிச்சாத்தான தாலிக்குத் தங்கம் தருவாவ" என்றார்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தைச் சொல்கிறார். 1989இல் வந்த திட்டம். தொடக்கத்தில் எட்டாவது படித்த பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பின்னால் அது வளர்ந்து, பத்தாவது வரை படித்திருந்தால் 25,000 ரூபாய், பட்டப்படிப்பு என்றால் 50,000 ரூபாய், அதோடு 2011இலிருந்து தாலிக்கு 4 கிராம் தங்கம், 2016இல் அது 8 கிராம் என்று ஆனது. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட ஒரு பெண்ணின் பெயரில் தாலித் தங்கம் கொடுத்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரியம்மாவின் கணக்கில் அது தெளிவான கணக்கு. எட்டாவதில் நின்றுபோயிருக்கும் ஒரு பெண் அந்தத் தங்கத்துக்காக இரண்டு வருடம் கூடுதலாகப் படித்தாள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன்.

2022இல் அந்தத் திட்டத்தையே உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றினார்கள். இப்போது எல்லோரும் புதுமைப் பெண் என்கிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரி முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய். எங்கள் கடற்கரையில் உதவி பெறும் பள்ளிகள் அதிகம், கோயில் பள்ளிக்கூடம் என்றே சொல்வார்கள். அங்கே படித்த பிள்ளைகளுக்கு முதலில் இது கிடைக்கவில்லை. 2024இலிருந்துதான் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். பெரியம்மாவின் கடைக்குட்டிக்கு இப்போது மாதாமாதம் வருகிறது. மூத்தவளுக்குத் தங்கம், கடைசிப் பெண்ணுக்குக் காலேஜ். "நடுவுலவ?" என்று கேட்டேன். "அவ வருசத்துல எல்லாத்தயும் நிப்பாட்டிட்டாவ, அவ பாவம்" என்றார்.

இந்த 1,000 ரூபாய் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். குளத்தூரில் இறங்குகிற ஓர் இளம்பெண், தனியார் நர்சரிப் பள்ளி டீச்சர். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது இவள் தன் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் சொல்லிக்கொடுத்தாள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பெயர் தன்னார்வலர். தன்னார்வலர்களில் பெரும்பாலானோர் பெண்கள். "படிக்கப் போற பொண்ணுக்கும் ஆயிரம், சொல்லிக்குடுத்த எனக்கும் ஆயிரம், வீட்டுல சும்மா இருக்கான்னு சொல்லுற எங்கம்மாவுக்கு உரிமைத்தொகையும் ஆயிரம். பொம்பளைக்கு அளவு ஆயிரம்னு எங்கயோ எழுதி வச்சிருக்காங்க டீச்சர்" என்று சொல்லிச் சிரித்தாள். பஸ்ஸே சிரித்தது.

நான் முதுகலைத் தமிழாசிரியை. பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுத்த தற்காலிக ஆள். 2022இல் இந்த முறை வந்தபோது முதுகலை ஆசிரியருக்கு மாதம் 12,000 ரூபாய் என்றார்கள், பிறகு 18,000 ஆக்கினார்கள். பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கிற நிரந்தர முதுகலை ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,900. அதன்மேல் அகவிலைப்படி. இருவர் கையிலும் ஒரே பாடப்புத்தகம், ஒரே பொதுத்தேர்வு. சென்டம் வந்தால் மாலை ஒருவருக்கு, ரிசல்ட் குறைந்தால் விளக்கக் கடிதம் இரண்டு பேருக்கும்.

இதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே கையெழுத்துப் போடும் தொகை ஒன்று, கையில் வாங்கும் தொகை வேறு. மே மாதம் சம்பளம் கிடையாது. கூட்டிக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "உங்க வீட்டுக்காரர் வேலை பாக்காருல்ல, பெறகு என்ன?" இந்தப் பதிலை நான் மட்டும் கேட்டிருந்தால் அது என் பிரச்சினை. இந்த மூன்று வருடத்தில் பஸ்ஸில் பேசிய தனியார் பள்ளி டீச்சர் ஒவ்வொருத்தியும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில் கேட்டிருக்கிறாள். புருஷன் இல்லாதவளிடம், "ஒத்த ஆளுதான, எவ்வளவு செலவாயிரப் போகுது" என்றார்களாம்.

இதெல்லாம் எங்கிருந்து முளைக்கிறது என்றால், எல்லோரும் நல்லெண்ணத்தோடு சொல்கிற ஒரு வாக்கியத்திலிருந்து. "பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்த வேலை." பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் ஒருநாள் இதை எனக்கு விளக்கினார். காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போகலாம், நாலு மணிக்குத் திரும்பிவிடலாம், பிள்ளைகளுக்கு லீவு விட்டால் நமக்கும் லீவு. அவர் சொன்னதில் எங்காவது பாடம் நடத்துவது வருகிறதா என்று காத்திருந்தேன். சூரங்குடி வரைக்கும் வரவில்லை. வேலை எதற்கு ஏற்றது என்றால் வீட்டு வேலைக்கு இடைஞ்சல் பண்ணாமல் இருப்பதற்கு ஏற்றது. அப்படியொரு வேலைக்கு முழுச் சம்பளம் எதற்கு என்று தோன்றுவது இயல்புதானே.

அந்த நாலு மணியையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி விட்டு, ஸ்பெஷல் கிளாஸ் முடித்து, ஐந்து மணிக்கு வேம்பார் ஸ்டாப்புக்கு வந்தால் பஸ் வர ஐந்தரை. வீடு சேர ஏழு. பரீட்சைத் தாளைப் பஸ்ஸிலேயே திருத்தலாம் என்று ஆரம்பத்தில் முயன்றேன். வைப்பாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியதில் ஒரு பையனுக்கு ஏழு மார்க் எழுபது மாதிரி விழுந்துவிட்டது. அதோடு விட்டேன்.

ஆசிரியர் வேலை பெண்களுக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் அங்கேயும் இந்த வாக்கியத்தின் வேர் தெரிகிறது. சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். குழந்தை விதவை. 1912இல் எழும்பூரில் தன்னைப்போன்ற இளம் விதவைகளுக்கு இல்லம் தொடங்கி, அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகள் ஆக்கினார். பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் பிராமண விதவைகளுக்கான இல்லமாகத்தான் அது தொடங்கியது என்பதையும், குடும்பம் வைத்துக்கொள்ள விடப்படாத பெண்ணுக்கு இது மாற்று வாழ்க்கையாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும். அன்று குடும்பம் இல்லாதவளுக்கு ஏற்ற வேலை. இன்று குடும்பம் இருப்பவளுக்கு ஏற்ற வேலை. இரண்டிலும் முதலில் அளக்கப்படுவது குடும்பம்.

வாரம் ஒருமுறை எங்களோடு வேம்பார் வரைக்கும் வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவர் இருக்கிறார். தங்கை வீடு வேம்பாரில். சரித்திர டீச்சர். அவரிடம் இந்தச் சம்பளப் புலம்பலைச் சொன்னபோதுதான் அந்தச் செருப்புக் கதை வந்தது.

முத்துக்குளித்துறையின் ஏழு கடற்துறைகளில் வடக்கே இருப்பது வேம்பார். தெற்கே மணப்பாடு. போர்ச்சுகீசியர் காலத்தில் இந்தக் கடற்கரையின் வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் போர்ச்சுகல் அரசி கத்தரீனாவின் செருப்புச் செலவுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. 1542இல் இங்கே வந்த சவேரியார், ஊருக்கு ஊர் ஆள் வைத்துப் பிள்ளைகளுக்கு மந்திரமும் செபமும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே. அந்தச் செருப்புப் பணத்தைக் கேட்டு வாங்கினார். இந்தக் கரைப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு, மோட்சத்துக்கு ஏறுவதற்கு அரசிக்குக் கிடைக்காது என்ற பொருளில் அவர் எழுதியதாகச் சொல்வார்கள். "ஆக, நம்ம கடற்கரையில வாத்தியாருக்குக் குடுத்த சம்பளம் ஒரு பொம்பளையோட செருப்புக் காசு. முத்துக் குளிச்சவன் காசுன்னும் சொல்லலாம்" என்றார் அந்த அம்மா. அந்த வாத்தியார்கள் எல்லோரும் ஆண்கள் என்று நான் சேர்த்துக்கொண்டேன். "அப்பயும் டெம்பரவரிதான்" என்று அவர் சேர்த்துக்கொண்டார்.

இவர் 1980களில் வேலையில் சேர்ந்தவர். ஓய்வூதியம் வருகிறது. 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பங்களிப்பு ஓய்வூதியத்தில் தள்ளினார்கள். எனக்கு அதுவும் கிடையாது. அதனால் அவருடைய "டீச்சர் வேல" என்ற சொல்லும் என்னுடைய "டீச்சர் வேல" என்ற சொல்லும் ஒன்றல்ல. அவர் மிகவும் பிரியமானவர், ஆனாலும் இதை நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலப் பஸ்ஸில் பேச்சு வேறு. காலையில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், சாயங்காலம்தான் மனசு திறக்கும். வேம்பாரில் கருப்பட்டிக் கொட்டானோடு ஏறுகிற ஒரு மதினி இருக்கிறார். அவர் எனக்கு மதினி இல்லை, அவர் அப்படிக் கூப்பிடச் சொன்னார், நானும் கூப்பிடுகிறேன். பதநீர் சீசனில் புருஷன் பனை ஏறுவார், இவர் விடிலியில் அடுப்புக்கு முன்னால். கண்ணெல்லாம் புகை. பதநீர் காய்ந்து கூழாகி, சிரட்டையில் ஊற்றுகிற பக்குவம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது, கொதியின் சத்தத்தைக் கேட்பது, துடுப்பில் இழுபடுவதைப் பார்ப்பது என்று சொல்லிக்கொண்டே போனவர், "பதத்த வாயால சொல்லிக்குடுக்க முடியாது டீச்சர். பக்கத்துல நின்னு பாக்கணும், ரெண்டு தடவ கருக விடணும்" என்றார்.

பி.எட். படித்த காலத்தில் எனக்குக் கற்பித்தல் முறை பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. கருக விடுவதற்கு எங்கள் பாடத்திட்டத்தில் பீரியடு இல்லை என்பது வேறு விஷயம்.

இதுபோலவே வேப்பலோடையில் ஏறி, வைப்பாறு தாண்டி இறங்குகிற உப்பளத்து அக்கா. இருபது வருடம் பாத்தியில் நின்று, முழங்கால் போய், இப்போது உப்புப் பாக்கெட் போடுகிற கொட்டகைக்குப் போகிறார். தெப்பத்துத் தண்ணீர் எத்தனை டிகிரி என்று மீட்டர் இல்லாமல் சொல்லிவிடுவார். இருபத்தைந்து டிகிரி பக்கம் வந்தால் உப்பு இறங்கும், இருபத்தெட்டு இருபத்தொன்பது போய்விட்டால் உப்பு கசக்கும், அதற்குள் கழிவை வடித்துவிட வேண்டும். நாக்கு நுனியில் வைத்துச் சொல்வார். நான் ஆர்வமாகிவிட்டேன். "இதுதான் அக்கா அறிவு, இத எந்தக் காலேஜுலயும் கத்துக்க முடியாது" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்புட்டு நல்ல அறிவா இருந்தா எம்மவளுக்கு ஏன் வேண்டாங்கேன் டீச்சர்?"

ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் 'கரிப்பு மணிகள்' எழுதினார். பதினைந்து வயதில் கல்யாணமாகி, கல்லூரிப் பக்கமே போகாதவர். அவரை நினைத்துக்கொண்டேதான் நான் அந்த அக்காவிடம் அப்படிப் பேசினேனோ என்னவோ. பள்ளிக்கூடம் கிடைக்காமல் போனவர்களின் அறிவைப் புகழ்வது, பள்ளிக்கூடம் கிடைத்தவர்களுக்குச் சுலபமான வேலை.

அந்த மகளைப் பற்றித்தான் அடுத்த பேச்சு. பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த வாரம், அக்கா அவளையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தார். கணினி அறிவியல் குரூப். 600க்கு 487. "உங்கள மாதிரி டீச்சருக்குப் படிக்க வைக்கலாம்னு இருக்கேன். பெர்மனென்ட் ஆகுமா, ஆகாதா? நீங்க உள்ளதச் சொல்லுங்க."

உள்ளதைச் சொன்னேன். டிகிரி மூன்று வருடம். பி.எட். இரண்டு வருடம். அதன்பிறகு வாரியத் தேர்வு, எப்போது அறிவிப்பு வரும் என்று சொல்ல முடியாது. மாதம் 1,000 ரூபாய் கல்லூரியோடு நின்றுவிடும். இடையில் தனியார் பள்ளிக்குப் போனால் உப்புப் பாக்கெட் போடுகிற கூலியைவிடக் குறைவாகக்கூடக் கிடைக்கும். 2012இல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள், நிரந்தரம் ஆகும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் தலை நரைத்துப் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

தலைமையாசிரியை அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் இப்படிப் பயங்காட்டுதிய? படிக்கவே கூடாதுங்கியளா?"

"படிக்கக் கூடாதுன்னு சொல்லலம்மா. இந்த வேலைதான்னு ஏன் சொல்லணும்?"

"வேற என்ன வேலைக்கு அனுப்புவா இவ அப்பன்? சென்னையில ஐ.டி. கம்பெனிக்கா?"

குளத்தூர் இளம்பெண்ணும் சேர்ந்துகொண்டாள். கருப்பட்டி மதினி, பனை ஏறுகிறவன் மகள் போலீசானதைச் சொன்னார். நர்ஸ் வேலையா, டீச்சர் வேலையா எது மேல் என்று ஒரு தனி விவாதம் ஓடியது. நைட் டூட்டி இருப்பதால் நர்ஸ் தோற்றுப்போனது. இவ்வளவு பேச்சும் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் ஜன்னல் கம்பியில் கை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா இறங்கவேண்டிய ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னால் யாரோ, "ஏட்டி, நீ வாயத் தொறந்து சொல்லு" என்றார்கள்.

"டீச்சர் ஆகணும்னு நான் சொல்லல" என்றாள். "காலேஜ் போகணும்னுதான் சொன்னேன். அம்மாதான் அப்பாட்ட டீச்சருக்குன்னு சொல்லிருக்கு."

அக்கா சிரிக்கவில்லை, வெட்கப்படவுமில்லை. "வேற என்னத்தச் சொல்லி இந்தாளக் கையெழுத்துப் போட வைக்க?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை நாளும் வெறுத்துக்கொண்டிருந்த அந்த வாக்கியத்தை, பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்த வேலை என்பதை, இந்த அக்கா கேட்பாஸாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். தூத்துக்குடிக்குத் தனியாகப் போய்வரவும், செல்போன் வைத்துக்கொள்ளவும், இருட்டிய பிறகு வீடு திரும்பவும், ஐந்து வருடத்துக்குக் கல்யாணப் பேச்சு எடுக்காமலிருக்கவும், அந்தப் பக்கத்து வீடுகளில் ஒரு பெண்ணுக்கு அனுமதி வாங்கிக்கொடுக்கிற ஒரே சொல் 'டீச்சர்'. எங்கள் சம்பளத்தைப் பாதியாக்கிய அதே சொல். என் அம்மாவும் என் அப்பாவிடம் அதைச் சொல்லித்தான் என்னை எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்தாள். நான் டீச்சர் ஆக ஆசைப்பட்டேனா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஆசைப்பட்டேன் என்பது எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

தலைமையாசிரியை அம்மா அன்றைக்கு அதற்குமேல் வாதம் செய்யவில்லை. கைப்பையைத் திறந்து அந்தப் பெண்ணுக்கு ஓர் ஐந்நூறு ரூபாய் கொடுத்தார். அவள் வாங்கவில்லை, அக்கா வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து அப்பாக்காரரே வேப்பலோடை ஸ்டாப்பில் நின்றார். லாரியில் லோடு ஏற்றுகிறவர், தோளில் துண்டு. பஸ் நிற்கிற அரை நிமிடத்தில் ஜன்னல் வழியாகவே கேட்டார், "டீச்சர், பிள்ள கம்ப்யூட்டர் எடுக்கேங்கா. அதுல டீச்சராவ முடியுமா?" கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு பி.எட். போடலாம், உண்மைதான். "போடலாம் அண்ணாச்சி" என்றேன். பின்னால் உட்கார்ந்திருந்த குளத்தூர்ப் பெண் என் முதுகில் செல்லமாக ஒரு குத்துவிட்டாள்.

ஜூலையிலிருந்து அவள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரிக்குப் போகிறாள். நான் வேம்பாரை நோக்கிப் போகும்போது அவள் எதிர்த் திசையில் போவாள். அவள் ஏறவேண்டிய இடம் மெயின் ஸ்டாப் இல்லை, ஒரு விலக்கு. அங்கே அதே நேரத்துக்கு ஏறுகிற பெண்கள் இப்போது ஆறு பேர். முந்தைய வருடம் இரண்டு பேர்தான். காலையில் வருகிற பஸ் கூட்டமாக இருந்தால் அங்கே நிற்பதில்லை. ஆறு பேரின் அம்மாக்களும் ஒரு மனு எழுதவேண்டும் என்று வந்தார்கள். நான் எழுதிக்கொடுத்தேன், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், நாலு பேர் கையெழுத்து, இரண்டு பேர் கைநாட்டு. மீன் பெரியம்மா தன் கடைக்குட்டியும் அதே பஸ்தான் என்று ஏழாவதாகத் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். கொண்டுபோய்க் கொடுத்தோம், ரசீது வாங்கினோம்.

இப்போது செவ்வாயும் வியாழனும் நிற்கிறது. அந்த நாட்களில் டூட்டிக்கு வருகிற கண்டக்டருக்கும் காலேஜ் படிக்கிற மகள் இருக்கிறாளாம். மற்ற நாட்களில் ஆறு பேரும் பேக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கிறார்கள். பட்டினமருதூர் தாண்டியதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பி, நடக்கிறார்களா, ஏறிவிட்டார்களா என்று பார்ப்பேன். கடைசி சீட்டிலிருந்து பெரியம்மா சத்தம் கொடுப்பார், "டீச்சர், இன்னைக்கு நின்னுச்சா?"